ஆண்டீஸ் மலைக் கிராமத்து வீட்டில் தங்குவது எப்படி?

பெரு நாட்டுக்குப் போகிறவர்களில் பலர் மச்சு பிச்சுவைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். மலைமக்களின் அன்றாட வாழ்க்கையையும் பார்க்க ஆசையிருந்தால், டிட்டிகாக்கா ஏரியிலுள்ள அமந்தானி தீவில் கெச்சுவா மொழி பேசும் ஒரு பழங்குடிக் குடும்பத்தோடு தங்குங்கள். முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் உடம்பைப் பழக்குங்கள்

ஏரியே 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர லிமாவிலிருந்து நேராக அங்கே விமானத்தில் போய் இறங்காதீர்கள். சுமார் 2,300 மீட்டரிலுள்ள அரெக்கிப்பாவில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு, பஸ்ஸில் ஏரிக்கரை நகரமான புனோவுக்கு ஏறுங்கள். தலைவலியும் வாந்தியும் கூடிக்கொண்டே போனால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும், இதில் வீம்பு வேண்டாம். உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

2. மே, ஜூன் மாதங்களில் போங்கள்

மழை ஓய்ந்து உருளைக்கிழங்கு அறுவடை நடக்கும் காலம். ராத்திரிக் குளிர் கடுமை. கம்பளித் தொப்பியும் டார்ச்சும் அவசியம்.

3. படகும் பணமும்

புனோ துறையிலிருந்து காலையில் கிளம்பும் படகு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். தீவுக்காரர்களே ஓட்டும் படகாகப் பார்த்து ஏறுங்கள். விருந்தாளிகளைக் குடும்பங்கள் முறைவைத்து ஏற்றுக்கொள்வது அங்கே வழக்கம். தங்கும் காசை வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள், அதனால் பெரு நாட்டுப் பணமான சோலில் சில்லறை நோட்டுகள் தேவை. கூடவே அரிசி, சர்க்கரை, எண்ணெய், பழம் வாங்கிப் போனால் மனதார ஏற்றுக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் நீட்டாதீர்கள்.

4. வேலையில் கைகொடுங்கள்

என்னைக் கேட்டால், இதற்காகத்தான் போகவே வேண்டும். ஒரு ராத்திரி மட்டும் தங்கினால் இதற்கு நேரமே கிடைக்காது. இரண்டு ராத்திரியாவது தங்குங்கள்.

அறுவடை சமயத்தில் புனோ வட்டார வயல்களில் 'ஹுவாத்தியா' என்ற மண்ணடுப்பு போடுவார்கள். காய்ந்த மண்கட்டிகளைப் பொறுக்கி, பெரியவற்றை அடியிலும் சிறியவற்றை மேலேயுமாகச் சாய்த்துக் கூம்பாக அடுக்குகிறார்கள். சாந்து எதுவும் கிடையாது. ஒரு கட்டி நழுவினாலும் எல்லாம் சரியும். கூம்பில் விட்ட திறப்புவழியே விறகும் சாணமும் இட்டு, கட்டிகள் செக்கச்சிவக்கும்வரை எரிப்பார்கள். பிறகு கிழங்கை உள்ளே போட்டு, கூம்பை அதன்மேலேயே இடித்துத் தள்ளி மண்ணால் மூடுவார்கள். வெந்தபின் தோண்டியெடுத்து, தோலை ஊதி உரித்து, தின்னக்கூடிய ஒருவகைக் களிமண்ணின் கரைசலில் தொட்டுத் தின்பார்கள். மண்கட்டி பொறுக்க உங்களையும் விடச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாக விடுவார்கள்.

5. சாப்பாடு

சைவக்காரர்களுக்குக் கவலையில்லை. கீன்வா சூப், உருளை, ஓக்கா கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி, முன்யா இலைத் தேநீர். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள்.

6. சாயங்காலம்

பச்சாமாமா, பச்சாதாதா என்று இரண்டு குன்றுகள், உச்சியில் கோயில்கள். மெதுவாக ஏறுங்கள். யாரையும் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். திரும்பும் படகு காலையிலேயே கிளம்பிவிடும். நேரத்தை முந்தின ராத்திரியே வீட்டாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.