எலெக்ட்ரிக் காருக்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு? நீங்களே கணக்குப் போடலாம்

"எலெக்ட்ரிக் காரா, அதுக்கு சர்வீஸே கிடையாதே" என்பார் ஒருவர். "பேட்டரி போச்சுன்னா சொத்தை விக்கணும்" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டையும் காரோடு வந்த மேனுவலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்ற ஒரே கணக்கைத்தான் போடப்போகிறோம்.

மாதம் 1,000 கி.மீ. ஓடும் காரை வைத்துக் கணக்கிடுகிறேன். ரூபாய்த் தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லையும் இன்ஷூரன்ஸையும் இதில் சேர்க்க வேண்டாம், அது தனிக் கணக்கு.

படி 1: இல்லாததை அடித்துவிடுங்கள்

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் பிளேட் எதுவும் இதில் கிடையாது. மிஞ்சுவது ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில், வைப்பர், பிரேக் பேட், 12 வோல்ட் சின்ன பேட்டரி, டயர்.

படி 2: மேனுவல் அட்டவணையைப் பாருங்கள்

ஒவ்வொன்றுக்கும் இத்தனை கி.மீ. அல்லது இத்தனை மாதம் என்று போட்டிருக்கும். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், கார் ஷெட்டிலேயே நின்றாலும் இழுக்கும். அதனால்தான் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கூலன்ட் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றுக்கு மின்சாரம் கடத்தாத தனி வகை வேண்டும், கடையில் கிடைத்ததை வாங்கி ஊற்றாதீர்கள்.

காரை ஓட்டும் பெரிய பேட்டரிக்கு இங்கே பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி தருகின்றன. சர்வீஸைத் தள்ளிப்போட்டால் வாரன்டி கேட்கும்போது தகராறு வரும். வருஷ சர்வீஸ் 5,000 என்றால் கிலோமீட்டருக்கு சுமார் 42 பைசா. பிரேக் ஆயிலும் கூலன்டும் இரண்டு வருஷத்துக்கு 4,000 என்றால் 17 பைசா.

படி 3: டயர்

காசு போவது இங்கேதான். பேட்டரியால் கார் கனம், ஆக்ஸிலேட்டரை மிதித்த நொடியே முழு இழுவை. இரண்டும் சேர்ந்து டயரைத் தின்றுவிடும். சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிக் கிளம்பும் ஆசை புதிதாக ஓட்டும் எல்லோருக்கும் வரும். அதற்கான பில் டயர் கடையில் வரும், அவ்வளவுதான்.

நாலு டயர் 32,000 ரூபாய், 40,000 கி.மீ. ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 80 பைசா. அதே டயர் 30,000-இலேயே தேய்ந்தால் ஒரு ரூபாய் 7 பைசா. வீல் அலைன்மென்ட், பேலன்சிங், டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப்போடுவது எல்லாம் 10,000 கி.மீ.க்கு 1,200 ரூபாய் என்றால் 12 பைசாதான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கென்றால் வேறு கேளுங்கள்.

படி 4: பிரேக்

ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதால் (இதைத்தான் ரீஜென் என்பார்கள்) பேட் மெதுவாகத்தான் தேயும். ஆனால் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று உண்டு. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டினால் டிஸ்க்கில் பழுப்பாகத் துரு படியும், காலையில் முதல் பிரேக்கில் 'கரகர' என்று கேட்கும். ரீஜென் அளவைக் குறைத்துவிட்டு, பின்னால் வண்டி வராத இடத்தில் நாலைந்து தடவை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். செலவில்லாத வைத்தியம்.

படி 5: சின்ன பேட்டரி

பெரிய பேட்டரி நூறு சதவீதம் இருந்தாலும் இந்த 12 வோல்ட் பேட்டரி படுத்துவிட்டால் கார் உயிர் பெறாது. பெரியதை இணைக்கும் ஸ்விட்சை இயக்குவதே இதுதான். நாலு வருஷத்துக்கு 6,000 ரூபாய் என்று வைத்தால் 13 பைசா.

படி 6: எஸ்டிமேட்டைப் படியுங்கள்

கார் வாங்கும்போது ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதால் சர்வீஸுக்கும் அப்படியே என்று நினைக்காதீர்கள், லேபருக்கு 18 சதவீதம். டெஃப்லான் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம், உள்அலங்காரச் சுத்தம் என்று வரிசையாக எழுதியிருந்தால் "இது மேனுவல்ல எங்க இருக்கு, காட்டுங்க சார்" என்று அட்வைசரிடம் கேளுங்கள். பட்டியலில் பாதி அங்கேயே காணாமல் போகும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டும், பிறகு கேட்டுப் பயனில்லை.

படி 7: கூட்டுங்கள்

42, 17, 80, 12, 13. மொத்தம் 164 பைசா. கிட்டத்தட்ட பாதி டயருக்கே. மாதம் 1,000 கி.மீ.க்கு 1,640 ரூபாய். இந்தத் தொகையைத் தனியாக ஒரு ஆர்டி கணக்கில் போட்டு வையுங்கள். மூன்று வருஷம் நாலு மாதம் கழித்து நாலு டயரும் ஒரே நாளில் மாற்ற வேண்டி வரும்போது கிரெடிட் கார்டைத் தேட வேண்டியதில்லை.