சின்ன லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸ் மின்ட்டும்: டூயல் பூட் செய்வது எப்படி?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், புது பிராசஸர் வேண்டும் என்கிறது. பழைய சின்ன லேப்டாப்புகள் பல இதில் தேறுவதில்லை. அதற்காக விண்டோஸை அடியோடு தூக்கவும் முடியாது. என் அக்கா மகள் காமர்ஸ் படிக்கிறாள், அவளுக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அது விண்டோஸில்தான் ஓடும். அதனால் அவள் லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் வைத்தேன், ஆன் செய்யும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம், இதுதான் டூயல் பூட். லேப்டாப் இது: 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி. அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

லினக்ஸில் நான் எடுத்தது மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற எடை குறைந்த பதிப்பு. மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். 32 ஜிபி மட்டுமே உள்ள லேப்டாப் என்றால் இந்த முயற்சியே வேண்டாம். விண்டோஸ் ஒன்றுக்கே அந்த இடம் பற்றாது.

முதலில் விண்டோஸ் பக்கத்து வேலைகள்

பிரச்சினை என்று வருபவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான், ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள். போட்டோ, சர்டிபிகேட், புராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்தபின் இரண்டு ஃபைலையாவது அதிலிருந்து திறந்து பாருங்கள்.

அடுத்து செட்டிங்ஸில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்புகளில் நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். அப்படியானால் 48 இலக்க ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முதலில் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, முழுவதும் விலகும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். முன்பு ஒருமுறை இதை விட்டுவிட்டேன். லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் விட்டது, ஒரு ஃபைலைக்கூட சேமிக்க முடியவில்லை. காரணம் பிடிபட ஒரு சாயங்காலம் போனது.

இடம் ஒதுக்குவது

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். சி டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து, ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். எண்ணை எம்பியில் கேட்கும். 40 ஜிபிக்கு 40960. முடிந்ததும் கறுப்புப் பட்டையோடு அன்அலொகேட்டட் என்று ஓர் இடம் தெரியும். அதைத் தொடாதீர்கள், புது டிரைவாக மாற்றவும் வேண்டாம். மின்ட் உட்காரப் போவது அங்கேதான்.

பென் டிரைவ்

8 ஜிபி பென் டிரைவ் போதும். மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (மின்ட் முழுதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்கி, ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

இனி லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவா, டெல் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் அதிலிருந்தே ஓடும், டிஸ்க்கில் இன்னும் எதுவும் மாறியிருக்காது. இந்த நிலையிலேயே வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் சோதியுங்கள். வைஃபை வேலை செய்யவில்லை என்றால் அதற்கு வழி தெரிந்துகொண்டு பிறகு தொடருங்கள்.

இன்ஸ்டால்

சார்ஜரைச் செருகிவிடுங்கள். டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன் வேலையின் நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் கைவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு. டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானைத் திறந்தால் கேள்விகள் வரும். சின்னத் திரையில் ஜன்னலின் கீழ்ப்பகுதி மறைந்து கன்டினியூ பட்டன் தெரியாமல் போகலாம். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ஜன்னலை மௌஸால் மேலே இழுங்கள், பட்டன் தெரியும்.

உயிர்நாடியான கேள்வி, எங்கே நிறுவ வேண்டும் என்பது. விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்ற பொருளில் 'அலாங்சைடு' என்று வரும் வரியைத் தேர்ந்தெடுங்கள். 'இரேஸ் டிஸ்க்' என்ற வரி மொத்தத்தையும் துடைத்துவிடும். அலாங்சைடு வரியே வரவில்லை என்றால் 'சம்திங் எல்ஸ்' போய், ஃப்ரீ ஸ்பேஸ் என்று காட்டும் நம் 40 ஜிபியில் எக்ஸ்ட்4 (ext4) என்ற லினக்ஸ் வடிவத்தில் பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, மவுன்ட் பாயின்ட்டாக / கொடுங்கள். பட்டியலில் இஎஃப்ஐ என்று சின்னதாக ஒரு பார்ட்டிஷன் இருக்கும், அதை ஃபார்மட் செய்யவே கூடாது. விண்டோஸ் துவங்குவது அதன் மூலம்தான். அதற்குப் பிறகு பெயர், பாஸ்வேர்ட் கொடுத்தால் மீதியை அதுவே முடித்துவிடும்.

ரீஸ்டார்ட் ஆனதும்

மெனுவில் மின்ட்டும் விண்டோஸும் தெரியும், அம்புக்குறியால் தேர்ந்தெடுக்கலாம். மெனு வராமல் நேரே விண்டோஸ் போனால், பயோஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) பூட் வரிசையைத் திறந்து உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட் அங்கே உபுண்டு என்ற பெயரில்தான் பதிவாகியிருக்கும்.

மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டலாம். பயப்பட ஒன்றுமில்லை. போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது. மின்ட்டில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து timedatectl set-local-rtc 1 என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

தமிழில் தட்டச்ச, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தேடி நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தபின் ஐபஸ் அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். அக்கா மகள் அன்று இரவே அதில் அம்மாவுக்கு ஒரு மெயில் அடித்தாள்.