அறுபதுகளின் ராக் போஸ்டர்: வாங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

1966-இல் சான் பிரான்சிஸ்கோவில் வாரந்தவறாமல் ராக் கச்சேரிகள் நடந்தன. ஃபில்மோர் ஆடிட்டோரியத்தில் நடத்தியவர் பில் கிரஹாம். அவலான் பால்ரூமில் நடத்தியது செட் ஹெல்ம்ஸின் ஃபேமிலி டாக் குழு. அந்தக் கச்சேரிகளுக்கு விளம்பரமாகக் கம்பத்திலும் கடைக் கண்ணாடியிலும் ஒட்டிய தாள்களைத்தான் இன்று உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். வெஸ் வில்சன், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி, ரிக் கிரிஃபின், விக்டர் மோஸ்கோசோ என்று ஐந்து ஓவியர்களின் பெயர்கள் மனப்பாடம் ஆனதுமே பலரும் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். படம் பிடித்துப்போய் விலை பேசுகிறார்கள். ஆனால் இந்தச் சந்தையில் விலை படத்துக்கு இல்லை. அது எத்தனையாவது அச்சு என்பதற்குத்தான்.

கச்சேரிக்கு முன்னால் விளம்பரத்துக்காக அடித்தது முதல் அச்சு. ஒட்டிய போஸ்டரை ரசிகர்கள் உரித்துக்கொண்டு போவதைப் பார்த்த அமைப்பாளர்கள், இதற்கே ஒரு வியாபாரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு மறுபடியும் அடித்து விற்றார்கள். சில மறு அச்சுகள் சில மாதங்களிலேயே வந்தவை; சில பல வருடங்கள் கழித்து வந்தவை. பார்வைக்கு எல்லாவற்றிலும் அதே ஓவியம், அதே எழுத்து, அதே தேதி. ஆகவே விற்பவர் 'ஒரிஜினல்' என்று எழுதியிருப்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. 1967-இல் அடித்த இரண்டாம் அச்சையும் ஒருவர் மனச்சாட்சி உறுத்தாமல் அப்படிச் சொல்லலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கச்சேரிக்கு முன் அச்சானதா, பின் அச்சானதா?

நல்லவேளையாக, இந்தப் போஸ்டர்களுக்கு வரிசை எண் உண்டு. பில் கிரஹாம் வரிசை பி.ஜி.-1-இல் தொடங்கி, 1971-இல் அவருடைய பிற்கால அரங்கான ஃபில்மோர் வெஸ்ட் மூடும்வரை பி.ஜி.-287 வரை போகிறது. ஃபேமிலி டாக் வரிசை எஃப்.டி.-1 முதல் எஃப்.டி.-147 வரை. ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை அச்சு வந்தது, ஒன்றிலிருந்து இன்னொன்றை எப்படிப் பிரித்தறிவது என்று பழைய சேகரிப்பாளர்கள் அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் அச்சுக்கு ஓ.பி.-1, மறு அச்சுகளுக்கு ஆர்.பி.-2, ஆர்.பி.-3 என்பது அவர்கள் குறியீடு. அதைப் பார்க்காமல் பணம் அனுப்புவது வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்குவது போல.

எஃப்.டி.-26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1966 செப்டம்பரில் அவலானில் நடந்த கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் கச்சேரிக்கு மவுஸும் கெல்லியும் செய்தது. ரோஜா சூடிய எலும்புக்கூடு. உமர் கய்யாமின் ருபாயத் கவிதை நூலுக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்திருந்த பேனா ஓவியத்தை எடுத்து, வண்ணமும் எழுத்தும் சேர்த்தார்கள். அப்பழுக்கில்லாத முதல் அச்சுப் பிரதி ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. அதே படத்தின் நேற்றைய நகல் சில டாலருக்குக் கிடைக்கும். யாராவது இந்தப் போஸ்டரை விற்க நீட்டினால், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை விலா எலும்புகளின் கறுப்புக் கோட்டின் மேல் வையுங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் கோடு முழுக் கறுப்பாக, விளிம்பு தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் அதே கோடு நீலம், ரோஸ், மஞ்சள் புள்ளிகளாக உடைந்து, ஓரம் பிசிறடிக்கும்.

ஆனால் 'புள்ளி இருந்தால் போலி' என்று பொதுவாக முடிவு கட்டுவதும் தவறுதான். அந்தக் கால முதல் அச்சுகளிலேயே புகைப்படம் சேர்த்தவை உண்டு. அந்தப் பகுதியில் புள்ளி இருக்கத்தான் செய்யும். கோட்டிலும் எழுத்திலும் இருக்கிறதா என்பதே கேள்வி. புற ஊதா விளக்கில் தாள் ஒளிர்ந்தால் போலி என்று சிலர் அடித்துச் சொல்வதும் இதே ரகம். இப்படி ஒளிர வைப்பது காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம்; அது அறுபதுகளிலேயே புழக்கத்தில் இருந்தது. ஐயமற்ற பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அந்த விளக்கால் பயன்.

அளவும் துப்புக் கொடுக்கும். இவ்விரு வரிசைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 14-க்கு 20 அங்குலம். 24-க்கு 36 என்று யாராவது விற்றால் அது பிற்காலத்து அலங்காரத் தாள். கால் அங்குலம் குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கலாம், வேறு அச்சாகவும் இருக்கலாம். நான்கு மூலைகளையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கையெழுத்தைக் கண்டு மயங்குகிறவர்களும் நிறைய. ஓவியர்கள் பிற்காலத்தில் மறு அச்சுகளிலும் தாராளமாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதனால் மறு அச்சு முதல் அச்சாகிவிடாது. கிரிஃபின் 1991-இல் விபத்தில் இறந்துவிட்டார்; அதற்குப் பின் அச்சான தாளில் அவர் கையெழுத்து இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. "மாமா ஃபில்மோரில் வாசல் காத்தவர்" போன்ற கதைகளைச் சுவாரசியத்துக்குக் கேட்டுக்கொள்ளலாம், அதற்காகக் கூடுதலாக ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு செய்யும் பாவங்களில் முதலிடம் லேமினேஷனுக்கு. அட்டையில் பசை போட்டு ஒட்டுவது அடுத்தது. இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. மதிப்பு அன்றைக்கே போய்விடும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். மூலைகளில் பின் குத்திய ஓட்டையை மறைக்கவும் முயல வேண்டாம். சுவரில் மாட்டப்பட வேண்டிய பொருள், மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெயில்தான் மெதுவாகக் கொல்லும். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் வண்ணம் பயின்ற மோஸ்கோசோ, சிவப்பையும் நீலத்தையும் ஒரே அடர்த்தியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணைத் துடிக்க வைப்பார். அதில் ஒரு நிறம் கொஞ்சம் வெளிறினாலும் துடிப்பு போய்விடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக், அமிலமில்லாத அட்டை, ஜன்னல் எதிரில் இல்லாத சுவர் மூன்றும் வேண்டும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஈரப்பதத்தையும் ராமபாணப் பூச்சியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

கையில் பணம் குறைவு என்பதற்காகச் சந்தேகமான முதல் அச்சைப் பேரம் பேசி வாங்குவதைவிட, அதே ஓவியத்தில் அந்தக் காலத்திலேயே தபாலில் அனுப்பிய அஞ்சலட்டையையோ, கையில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தையோ வாங்கலாம். இரண்டும் அன்றைய அச்சகத்திலிருந்தே வந்தவை. பெரும்பாலும் போஸ்டரைவிட மலிவு. புத்தக அலமாரியிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.