பட்ஜெட் விவாதத்தை நோட்டும் பேனாவுமாகக் கேட்பது எப்படி?

பிப்ரவரி 1 அன்று எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் டிவி முன்னால் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் ஆளும் கட்சி, இன்னொருவர் எதிர்க்கட்சி. நிதியமைச்சர் பேசி முடிப்பதற்குள் வீட்டிலேயே ஒரு மக்களவை நடந்து முடிந்துவிடும். சத்தம் ஓய்ந்ததும் அப்பத்தா ஒரே கேள்விதான் கேட்பார்: "ஓ.ஏ.பி. பணத்தைப் பத்தி ஏதும் சொன்னாகளா?" முதியோர் உதவித்தொகையைத்தான் அப்படிச் சொல்வார். இருவருக்கும் பதில் தெரியாது. மேல்நிலை வகுப்புக்கு வணிகவியல் நடத்தும் எனக்கும் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடப் போய்த்தான் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் விவாதத்தைக் கேட்கும் விதத்தைக் கற்றுக்கொண்டேன். காரைக்குடியில் என் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

பேச்சைக் கேட்பதற்கு முன்பே தாளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நிதியமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் ஆவணங்கள் மலைபோல் கிடக்கும். எல்லாம் வேண்டாம். 'பட்ஜெட் அட் எ கிளான்ஸ்' என்ற சிறு தொகுப்பு ஒன்றே தொடங்கப் போதும். அதில் ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இரண்டு வட்டப் படங்கள் இருக்கும். 2025-26 படத்தைப் பாருங்கள். வரவில் 24 பைசா கடன். செலவில் 22 பைசா மாநிலங்களின் வரிப் பங்கு, 20 பைசா வட்டி, 8 பைசா பாதுகாப்பு. ஏற்கெனவே கை வைக்க முடியாதபடி பங்கு பிரிந்துபோன பணம் எவ்வளவு என்று இதிலேயே புரிந்துவிடும். உறுப்பினர்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் மிச்சத்துக்காகத்தான்.

அடுத்தது கட்டங்கள். முழுக் குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் நேராக நான்கு தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையில் ஆன செலவு, நடப்பு ஆண்டுக்குத் தொடக்கத்தில் ஒதுக்கியது, அதே ஆண்டுக்குப் பிறகு திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான ஒதுக்கீடு. எந்தக் கட்டத்தை எந்தக் கட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்று பேச்சாளர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் என் மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு படங்களைக் கொண்டுவந்து காட்டினான். நூறு நாள் வேலைக்கு 43 சதவீதம் கூடுதல் பணம் என்றது ஒன்று. ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை என்றது மற்றொன்று. எது பொய் என்று கேட்டான். இரண்டும் பொய்யில்லை. 2023-24-க்குத் தொடக்கத்தில் ஒதுக்கியது 60,000 கோடி ரூபாய். பிறகு திருத்தியது 86,000 கோடி. 2024-25-க்கு ஒதுக்கியதும் 86,000 கோடி. தொடக்க ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால் பெரிய உயர்வு, திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் பூஜ்யம். அதற்கு முந்தைய ஆண்டு இதே வித்தை தலைகீழாக நடந்தது. 2022-23-ன் திருத்திய மதிப்பீடான 89,400 கோடியிலிருந்து 60,000 கோடிக்கு இறக்கிவிட்டார்கள், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்றது எதிர்த் தரப்பு. வேலை கேட்டு வருபவர்களைப் பொறுத்த திட்டம் இது, தேவைப்பட்டால் தருவோம் என்றது அரசு. தரவும் செய்தது.

அப்படியானால் சண்டை வீணா? என் கணிப்பு வேறு. நூறு நாள் வேலைச் சட்டத்தில் 15 நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. முதலில் குறைவாக ஒதுக்கிவிட்டுப் பிறகு கூடுதல் பணம் கேட்டு நாடாளுமன்றத்துக்குத் துணை மானியக் கோரிக்கை கொண்டுவரும்வரை, வெயிலில் மண் வெட்டியவர் காத்திருக்க வேண்டும். ஆண்டு முடிவில் கணக்கு நேராகிவிடலாம், அந்த மாதத்து அரிசிக்கடைப் பாக்கி நேராகாது. ஆகவே "கடைசியில் எவ்வளவு கொடுத்தார்கள்" என்பதோடு "எப்போது கொடுத்தார்கள்" என்பதையும் நோட்டில் எழுதுங்கள். இதே திட்டத்தை 2015 பிப்ரவரியில் மக்களவையில் காங்கிரஸின் தோல்விக்கு உயிருள்ள நினைவுச்சின்னம் என்று பிரதமர் மோடி சாடினார். 2020-21-ல் கொரோனா வந்தபோது அதற்கான மதிப்பீட்டை அவருடைய அரசே 1,11,500 கோடியாக உயர்த்தியது. பேச்சையும் ஒதுக்கீட்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதச் சொல்வது இதனால்தான்.

"2014-ஐ விட இத்தனை மடங்கு" என்று காதில் விழுந்தால் உடனே ஓர் எண்ணை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 2014-15-ன் மொத்த பட்ஜெட் சுமார் 17.95 லட்சம் கோடி. 2025-26-ல் சுமார் 50.65 லட்சம் கோடி. மொத்தமே ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகியிருக்கிறது. ஒரு துறைக்கு இரண்டு மடங்கு தந்தோம் என்றால், மொத்தத்தில் அதன் பங்கு சுருங்கிவிட்டது என்று பொருள். விலைவாசியைக் கழிப்பது அதற்கும் மேல்.

நம் ஊர் உறுப்பினர்கள் எழுந்தால் மாநிலப் பங்கு பேச்சு வரும். இதைக் கேட்க ஓர் அடிப்படை தெரிய வேண்டும். மத்திய வரியை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைப்பது நிதிக் குழு. 15-வது நிதிக் குழு மாநிலங்களுக்குச் சொன்ன 41 சதவீதம் என்பது மத்திய அரசு வசூலிக்கும் எல்லா வரியிலும் அல்ல, பகிர்வுக்கு உரிய தொகுப்பில் மட்டும். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வசூலிக்கும் செஸ்ஸும், கூடுதல் வரியான சர்சார்ஜும் அந்தத் தொகுப்புக்குள் வராது. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு லிட்டருக்கு மத்திய கலால் வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசுதான். அந்த 41 சதவீதத்திலும் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079 சதவீதம். இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் மாணவர்களிடம் மறுதரப்புக் கணக்கையும் எழுதச் சொல்வேன்: மத்திய திட்டங்கள், நிதிக் குழு மானியம், மாநிலங்களுக்கான 50 ஆண்டு வட்டியில்லாக் கடன். எழுதிய பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "நிபந்தனை உண்டா, திருப்பிக் கட்ட வேண்டுமா" என்று கேள்வி போட வேண்டும். வரிப் பங்கு உரிமையாக வருவது. கடன் கடன்தான்.

பேச்சு முடிந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். உண்மையான வேலை மார்ச்சில் நடக்கிறது. பொது விவாதம், அமைச்சரின் பதிலுரை எல்லாம் முடிந்து, செலவுக்குப் பணம் கேட்கும் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் மக்களவையின் வாக்குக்கு வரும். அப்போது உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையையே ஏற்கவில்லை என்றால் தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வார். குறிப்பிட்ட ஒரு குறையைச் சொல்ல 100 ரூபாய் குறைக்கச் சொல்வார். சிக்கனம் கோரியும் குறைக்கச் சொல்லலாம். இதில் ஒன்று நிறைவேறினாலும் அரசின் பெரும்பான்மை ஆட்டம் கண்டுவிடும். 2010 ஏப்ரல் 27 அன்று எரிபொருள் விலையை வைத்து வந்த வெட்டுத் தீர்மானம் 201-க்கு 289 என்று தோற்றது. அன்று யார் எதிர்த்து வாக்களித்தார், யார் வெளிநடப்பு செய்தார் என்று பார்த்தாலே அந்த ஆண்டின் அரசியல் விளங்கும். வெளிநடப்பு கேமராவில் எதிர்ப்பாகத் தெரியும். எண்ணிக்கையில் அது அரசுக்கு உதவி.

நேரம் முடிந்தால் விவாதிக்காத கோரிக்கைகள் எல்லாவற்றையும் மொத்தமாக வாக்குக்கு விடுவார்கள். அதற்குப் பெயர் கில்லட்டின். 2018 மார்ச் 14 அன்று எல்லாத் துறைகளும் விவாதமே இல்லாமல் இப்படி நிறைவேறின. அந்த நாட்களில் அவையில் வங்கி மோசடி, ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து, நம் காவிரி எல்லாவற்றுக்கும் கோஷம் இருந்தது. 2023 மார்ச் 23 அன்று மறுபடியும் அதேதான். அதானி விவகாரத்தை விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள், ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளும் கட்சி. நடுவில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் குரல் வாக்கில் போயிற்று. குரல் வாக்கில் யார் பெயரும் பதிவாகாது, டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் முறை, கேட்டால்தான் பதிவாகும். மாநிலங்களவையும் காப்பாற்றாது. மானியக் கோரிக்கையில் அதற்கு வாக்கே இல்லை, பண மசோதாவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். கேள்வி கேட்கும் நேரத்தை இரு தரப்பும் சேர்ந்தே தொலைக்கிறார்கள்.

கூச்சல் இல்லாத இடம் ஒன்று உண்டு. 1993-லிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளைப் பரிசீலித்து அறிக்கை தருகின்றன. எல்லாக் கட்சியும் ஒரே மேசையில், கேமரா இல்லாமல். என் அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

60 முதல் 79 வயதுவரை உள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். மன்மோகன் சிங் ஆட்சியில் 2006-ல் 75 ரூபாயிலிருந்து 200 ஆனது. அந்த ஆட்சி முடியும்வரை அது ஏறவில்லை. அடுத்து வந்த ஆட்சியும் ஏற்றவில்லை. அப்பத்தா வாங்கிய 1,000 ரூபாயில் 800 மாநில அரசின் பணம். 2023-ல் தமிழ்நாடு அதை 1,200 ஆக்கியபோதும் டெல்லியின் பங்கு அதே 200. மற்ற ஓய்வூதியங்களையும் சேர்த்த தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2022-23-ல் ஒதுக்கியது 9,652 கோடி, 2025-26-ல் ஒதுக்கியதும் 9,652 கோடி. ஊரக வளர்ச்சி நிலைக்குழு இந்தத் தொகையை உயர்த்தும்படி திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தது. அப்பாவும் மாமாவும் இத்தனை ஆண்டுகள் சண்டை போட்டார்களே, அவர்கள் கட்சிகள் இரண்டும் ஒத்துப்போன இடம் இது. ஆகவே நோட்டில் ஒரு பக்கம் காலியாக விடுங்கள். இரு தரப்பும் பேசாமல் விட்டதை அதில் எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம். நீளம் வேண்டாம், இரண்டு கேள்வி போதும்: இந்தத் துறையின் கோரிக்கையில் நீங்கள் வெட்டுத் தீர்மானம் கொடுத்தீர்களா? நிலைக்குழுவின் இந்தப் பரிந்துரையை அவையில் எழுப்புவீர்களா? திட்டத்தின் பெயர், ஆண்டு, தொகை மூன்றையும் குறிப்பிட்டு ஜனவரியிலேயே அனுப்புங்கள், மார்ச்சில் அனுப்பினால் காலம் கடந்துவிடும். நான் இரண்டு முறை எழுதினேன், ஒருமுறை பதில் வந்தது. அதை நோட்டின் அந்தக் காலிப் பக்கத்தில், அப்பத்தாவின் பாஸ்புக் நகலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.