காவேரி என்று தட்டினால் காவிரி வருகிறதா?

நூலகத்தின் இணையத் தேடல் சரியாக இருக்கிறதா என்பதைப் பட்டியல் தயாரித்தவரால் சொல்ல முடியாது. நூலின் பெயர் அவருக்கு முன்பே தெரியும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து வாசகர்கள் ஐந்து பேரை அழையுங்கள்: கல்லூரி மாணவி, விவசாயி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று கலந்து. இருவராவது கைபேசியில் தேடட்டும்.

ஆளுக்கு 30 நிமிடம், நான்கு வேலைகள். தேடுசொல்லை நாமே கொடுத்துவிடக் கூடாது. "நெற்பயிர் நோய் என்று தேடுங்கள்" என்றால் சோதனை வீண். "குறுவை நாற்று மஞ்சளடிக்குது, உதவுற புத்தகம் ஒண்ணு எடுங்க" என்று சொல்லுங்கள். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். அவர் தடுமாறும்போது உதவக் கை நீளும், அடக்கிக்கொள்ளுங்கள். தட்டிய சொல்லை எழுத்துப்பிழையோடு அப்படியே குறியுங்கள்.

அடிக்கடி சிக்குவது ஊர், ஆற்றுப் பெயர்கள்தான். காவிரி–காவேரி, கும்பகோணம்–குடந்தை, தஞ்சாவூர்–தஞ்சை. நூலகப் பதிவுகளை எழுதும் மார்க் 21 முறையில், இடப்பெயருக்கான அதிகாரப் பதிவை, அதாவது ஒரு பெயரின் ஏற்ற வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் வைத்திருக்கும் பதிவைத் திறந்து, 451 என்ற எண்ணுள்ள புலத்தில் மாற்று வடிவத்தைச் சேருங்கள். உங்கள் நூலகத்தில் இருப்பது கோஹா என்ற நூலக மென்பொருள் என்றால், மாற்றுப் பெயர்களையும் தேடலில் சேர்க்கும் அமைப்பை இயக்கி, தேடல் அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஒன்றும் மாறாது.

இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. யூனிகோடில் 'கொ' எழுத்தின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும். தேடலில் பொருந்தாமல் போகும். தேடுசொல், பதிவு இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள்.

திருத்திய பிறகு வேறு ஐவரிடம் அதே நான்கு வேலைகளைக் கொடுங்கள்.