மின் வேன்களை ஒரே நேரத்தில் சார்ஜில் போடாதீர்கள்

ஒன்பது மின்சார சரக்கு வேன்கள் மாலையில் பணிமனைக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் 7.4 கிலோவாட் சார்ஜர்களில் செருகிவிட்டால், ஏறத்தாழ 67 கிலோவாட் மின்பளு ஒரே நேரத்தில் ஏறும். அதற்கேற்ப ஒப்பந்த மின்பளுவை உயர்த்த வேண்டிவரும், மாதந்தோறும் நிலைக்கட்டணமும் கூடும். ஆனால் நாளொன்றுக்கு ஒரு வேனுக்கு 15 யூனிட் போதுமென்றால், மும்மூன்றாகப் பிரித்து, மும்முனை மின் இணைப்பில் ஃபேஸுக்கு ஒன்றாக இணைத்து, இரவு பத்து மணிக்குமேல் ஏற்றினால், சுமார் 22 கிலோவாட்டிலேயே ஏழு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

நள்ளிரவில் எழுந்து பிளக்கை மாற்ற யாருக்கும் மனம் வராது என்பதால், சார்ஜர் வாங்கும்போதே அது ஓசிபிபி (OCPP, சார்ஜரும் அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை ஏற்கிறதா, எந்த வண்டிக்கு எப்போது எவ்வளவு மின்சாரம் என்று தானாகவே முறைப்படுத்தும் ஸ்மார்ட் சார்ஜிங் வசதி உண்மையிலேயே இயங்குகிறதா என்று விற்பவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. இவை இரண்டும் இருந்தால், வேறு நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டும் மின்சாரத்தை முறைவைத்துப் பகிரலாம். டிசி வேக சார்ஜரை, பகலில் மறுபடியும் ஓட வேண்டிய வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். வெயிலில் ஓடிச் சூடேறிய பேட்டரியில் அதன் வேகம் பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும்.