ஓ.ஆர்.எஸ். கரைசலை அளவு பிசகாமல் கலப்பது எப்படி?

பேதி கண்ட குழந்தைக்கு வீட்டிலேயே உடனே தரக்கூடிய நல்ல மருந்து ஓ.ஆர்.எஸ்., அதாவது உப்புகளும் குளுக்கோஸும் கலந்த, குடிக்கும் கரைசல்தான். ஆனால் அளவு மாறினால் கெடுதலாகவும் முடியலாம். அதனால் கலக்கும் முறையோடு, அது உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: பாக்கெட்டைப் படியுங்கள்

ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மில்லி பாக்கெட்டும் உண்டு. இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைதானா என்றும் பாருங்கள்: லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. இந்தக் கலவை இல்லாத இனிப்பு பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மிக நல்ல முடிவு.

படி 2: கலக்குங்கள்

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு அளந்து எடுத்து, முழு பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். பாதி இப்போது, பாதி அப்புறம் என்று பிரிக்க வேண்டாம். பால், பழச்சாறு, கூடுதல் சர்க்கரை எதுவும் சேர்க்கக் கூடாது. கலந்த கரைசலை மூடி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள்.

உள்ளே நடப்பது

பேதியில் தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் மூன்றும் வெளியேறுகின்றன. சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. சர்க்கரை அதிகமானால் கதை தலைகீழ்: உடலிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இறங்கி, பேதி கூடும்.

இதற்கிடையே உடலும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் குறைந்ததும் மூளையிலிருந்து ஏ.டி.எச். என்ற ஹார்மோன் சுரந்து சிறுநீரைக் குறைக்கிறது. நிறம் அடர்த்தியாவது அதனால்தான். அல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சோடியத்தைப் பிடித்துவைக்கிறது, ஆனால் பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் கரைசலில் பொட்டாசியம்.

பைகார்பனேட் குறைந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். அதைச் சரிக்கட்ட நுரையீரல் வேகமாக மூச்சு வாங்கி கரியமில வாயுவை வெளியேற்றும். சிட்ரேட்டை உடல் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது.

1971 வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் போன்காவ் அகதிகள் முகாமில் டிரிப் போட சலைன் போதாமல், டாக்டர் திலீப் மஹலனபிஸ் குழு காலரா நோயாளிகளுக்கு உப்பு, குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட் கரைசலைக் குடிக்கக் கொடுத்தது. 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பைகார்பனேட் சேர்த்த தூள் சீக்கிரம் கெடும் என்பதால் 1984-இல் சிட்ரேட் வந்தது.

பாக்கெட் கிடைக்காவிட்டால்

ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி அளந்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது. பாக்கெட் வரும்வரைதான் இது.

படி 3: கொடுங்கள்

ஒவ்வொரு முறை பேதி போன பிறகும், 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. பாலாடையிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பால் தொடரட்டும். பேதிக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் உண்டு. அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கண் குழிவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, குடிக்க முடியாமல் துவள்வது, மலத்தில் ரத்தம், வேகமான ஆழ்ந்த மூச்சு, வெகுநேரம் சிறுநீர் போகாமல் இருப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குழந்தையால் விழுங்க முடிகிறதென்றால், போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.